ஒயர் கூடை பின்ன ரோல் வாங்கப் போறீங்களா? நான் பின்னிப் பார்த்த ஒயர் பத்தி ஒரு ரிவ்யூ

வீட்டுக்கும் அழகா இருக்கணும், நாலு பேருக்கு கிஃப்டாவும் குடுக்கணும், கையால செஞ்சதா இருக்கணும், ரொம்ப கஷ்டமும் இருக்கக்கூடாதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒயர் கூடைதான். குவில்லிங், பாட்டில் ஆர்ட், ஐஸ் குச்சில ஃபோட்டோ ஃப்ரேம், உல்லன் தோரணம் எல்லாம் நானும் செஞ்சிருக்கேன், செய்யும்போது நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆறு மாசத்துல தூசி ஏறி அலமாரி மேல போயிடும், யாருக்காவது குடுத்தாலும் அவங்க வீட்லயும் அதே கதிதான். கூடை அப்படி இல்ல. குடுத்த மறுவாரமே அவங்க அதுல கத்திரிக்கா வாங்கிட்டு வர்றதைப் பார்க்கலாம். பூ வைக்கலாம், பழம் வைக்கலாம், கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு எடுத்துட்டுப் போகலாம், புள்ளைங்க சாப்பாட்டுக் கூடையா ஸ்கூலுக்குப் போகும்.

இந்த ரிவ்யூ கூடை பத்தி மட்டும் இல்ல, அதுக்கு வாங்குற பிளாஸ்டிக் ஒயர் பத்தி. ஏன்னா பின்னுறது எப்படின்னு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு, ஆனா எந்த ஒயர் வாங்கணும், எதை வாங்கக்கூடாதுன்னு யாரும் சரியா சொல்றதில்ல. ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்து விரல் நோகப் பின்னுறோம், அது ரெண்டு மாசத்துல விண்டு போனா மனசு எவ்ளோ கஷ்டமா இருக்கும். அந்த உழைப்புக்குத் தகுந்த ஒயர் வேணும். என்னோட ஒரே கருத்து அதுதான், டிசைன் எல்லாம் அப்புறம்.

போன நவராத்திரிக்கு கொலு பார்க்க வர்றவங்களுக்கு தாம்பூலம் குடுக்க குட்டிக் குட்டிக் கூடையா பின்னலாம்னு முடிவு பண்ணி ரெண்டு இடத்துல ஒயர் வாங்கினேன். ஒண்ணு ஆன்லைன்ல, பல கலர் சேர்ந்த காம்போ பேக். இன்னொண்ணு பாரிமுனைல ஒரு மொத்த விலைக் கடைல. பேர் ரெண்டுக்கும் சொல்லல, ஏன்னா ஒரே கடைல கூட லாட்டுக்கு லாட்டு சரக்கு மாறும், பேரை விட எப்படிப் பார்த்து வாங்கணும்ங்கிறதுதான் உங்களுக்கு உதவும்.

ஆன்லைன் பேக் வந்தப்ப கலர் எல்லாம் கண்ணைப் பறிச்சுது. ரோலைக் கைல எடுத்தப்பவே எடை கம்மியா தெரிஞ்சுது. பிரிச்சு அளந்தா ஒரே ரோலுக்குள்ள ஒரு இடத்துல அகலமா இருக்கு, ஒரு இடத்துல ஒல்லியா இருக்கு. இது சின்ன விஷயமா தோணும், ஆனா கூடைல ஒவ்வொரு முடிச்சும் ஒரே சைஸ்ல இருந்தாத்தான் வரிசை நேரா வரும், ஒயர் ஒல்லியாகுற இடத்துல முடிச்சு சின்னதாகி அந்தப் பக்கம் இழுத்துக்கும், நீங்க எவ்ளோ அழகாப் பின்னினாலும் கூடை ஒரு பக்கமா சாயும். அதோட ஒயரை மடக்கி நகத்தால அழுத்திவிட்டேன், மடிச்ச இடத்துல வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்னுடுச்சு. இந்த மாதிரி ஒயர் முடிச்சு போட்டு இறுக்குற இடத்துலெல்லாம் வெளுத்துப் போய், கடைசில அங்கதான் விடும். வாசனையும் ஒரு மாதிரி மண்ணெண்ணெய் வாசம், வெயில்ல ரெண்டு நாள் போட்டும் போகல, அதுல எப்படி வெத்தலையும் பூவும் வெச்சு ஒருத்தருக்குக் குடுக்குறது? ரிட்டர்ன் கேட்டேன், பிரிச்ச ரோலை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. பிரிக்காம எப்படிங்க தெரியும். சிவப்பு ரோலை ஈரத் துணியால துடைச்சா துணில லேசா ரோஸ் ஒட்டுச்சு, அதோட அந்தப் பேக்கை கூடைக்கு வேணாம்னு தள்ளி வெச்சுட்டேன்.

பாரிமுனை கடை நேர் எதிர். கடை சின்னதுதான், நிக்கவே இடம் இருக்காது, மேல கூரை வரைக்கும் ரோல் ரோலா அடுக்கி வெச்சிருப்பாங்க, ரத்தன் பஜார் பக்கம் கூட்டத்துல இடிச்சுப் புடிச்சுத்தான் போகணும், மதியம் வெயில்ல போகவே போகாதீங்க, காலைல கடை திறந்த உடனே போயிடுங்க. ஆனா கல்லால இருந்த அண்ணாச்சி எந்த ரோலைக் கேட்டாலும் எடுத்துக் குடுத்து பிரிச்சுப் பார்க்கச் சொன்னார். நான் பளபளன்னு ஜரிகை ஓடுற ஒரு ரோலை எடுத்ததும், "அம்மா, இது கைப்பிடிக்கும் ஓரத்துக்கும் வேணா போடுங்க, முழுக் கூடைக்கு எடுக்காதீங்க, கைய வெட்டும், முடிச்சும் இறுகாது"ன்னு சொன்னார். விக்கிறவரே வேணாம்னு சொன்னா அந்தக் கடையை நம்பலாம். நான் எடுத்தது சாதா ஒயர்தான், நல்ல கனம், மடக்கினா மடங்குது, விட்டா நிமிருது, வெள்ளைக் கோடு விழல. விலை ரோல் நூறு ரூபாய்க்கு முன்னப்பின்ன, கலரையும் கனத்தையும் பொறுத்து மாறுது, ஆன்லைன் பேக்கை விட ரோலுக்குக் கொஞ்சம் கூடத்தான். இருந்தாலும் அந்தப் பணம் முழுக்க கூடைல தெரியுது.

ரோல் எடுக்கும்போது இன்னொண்ணு கவனிங்க, ஒரு கூடைக்கு ஒரே கலர் ரெண்டு ரோல் வேணும்னா ரெண்டையும் அன்னைக்கே ஒண்ணா எடுத்துடுங்க, பக்கத்துல வெச்சு வெளிச்சத்துல பாருங்க. அப்புறம் வந்து வாங்கிக்கலாம்னு விட்டா அடுத்த லாட்டுல அதே பச்சை கொஞ்சம் கருத்திருக்கும், கூடைல பாதி ஒரு பச்சை, பாதி ஒரு பச்சைன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். கடைக்குள்ள ட்யூப்லைட்ல பார்த்தா தெரியாது, வாசலுக்குக் கொண்டு வந்து பார்க்கணும்.

இப்போ பின்னுறதுக்கு வருவோம். புதுசா கத்துக்குறவங்க சாதா முடிச்சுல ஆரம்பிங்க. சிவன் கண், நெல்லிக்கா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் பார்க்க ஆசையாத்தான் இருக்கும், அதுலயும் சிவன் கண் கூடை ரெண்டு கலர்ல கண்ணு கண்ணா வரும்போது அவ்ளோ அழகு, ஆனா அடிப்பாகம் சரியா போட கை பழகணும், அதுக்கு சாதா கூடை ஒண்ணு ரெண்டு முடிச்சுட்டுப் போங்க. நெல்லிக்கா முடிச்சு உருண்டு திரண்டு வரும், அதனால ஒயரும் நிறைய இழுக்கும், சாதா கூடைக்கு ஆன ரோல் கணக்கை அதுக்கு வெச்சுக்காதீங்க.

ரோலைப் பிரிச்ச உடனே ஒயர் சுருள் சுருளா இருக்கும், அப்படியே பின்ன ஆரம்பிச்சா முறுக்கிக்கிட்டு பாடாப் படுத்தும். வெட்டின ஒயரை எல்லாம் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து நீட்டி விட்டுடுங்க, படிஞ்சு வரும். கொதிக்கிற தண்ணி வேணாம், இளகிப் போய் அகலம் கெட்டுடும். அளவு எல்லாரும் முழத்துல சொல்வாங்க, அஞ்சு முழம், ஆறு முழம்னு. உங்க முழமும் என் முழமும் ஒண்ணு கிடையாது, வீடியோல சொல்றவங்க கை நீளமா இருந்து உங்க கை சின்னதா இருந்தா பாதிலயே ஒயர் பத்தாம நிக்கும். முழம்னா ஒன்றரை அடின்னு வெச்சு டேப் போட்டு அளந்து வெட்டுங்க, ஓரத்துல மடக்கிச் சொருக ஒவ்வொண்ணுலயும் அரை முழமாவது கூட விடுங்க.

அடிப்பாகம் முடிஞ்சதும் தரைல வெச்சு அழுத்திப் பாருங்க, நாலு மூலையும் தரைல பதியணும். ஒரு மூலை தூக்கிக்கிட்டு இருந்தா அங்க முடிச்சு அதிகமா இறுகியிருக்குன்னு அர்த்தம், குத்தூசியால லேசா நெம்பி விட்டா சரியாயிடும். அந்த இடத்துல சரி பண்ணிடணும், சுவர் ஏத்தின பிறகு ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் ரன்னிங் ஒயர், அதாவது சுத்தி வர்றதுக்கான நீளமான ஒயர் விட்டு சுத்திச் சுத்தி வரிசை ஏத்திக்கிட்டே போகலாம், இந்த வேலைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, சாயங்காலம் டீயைக் குடிச்சுட்டு உக்காந்தா ரெண்டு வரிசை, பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா நாலு வரிசை. விரல் நுனி சிவந்து போகும், ஆள்காட்டி விரல்லயும் கட்டை விரல்லயும் ஒரு சுத்து பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா தாங்கும். வேகமா இழுக்கணும்னு அவசரப்பட வேணாம், ஒரே அழுத்தத்துல இழுக்குறதுதான் முக்கியம், கோபமா இருக்குற அன்னைக்குப் பின்னின வரிசை தனியாத் தெரியும், நிஜமாவே.

கூடை கெட்டுப் போறது முக்காவாசி கைப்பிடிலதான். ஓரத்து முடிச்சுல மட்டும் கோத்து கைப்பிடி போட்டா பார்க்க நல்லாருக்கும், ரெண்டு கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கினா ஓரம் பிஞ்சு வந்துடும். கைப்பிடி ஒயரை ஓரத்துக்குக் கீழ மூணு நாலு வரிசை வரைக்கும் உள்ள விட்டு எடுத்துப் பின்னணும், நடுவுல ஒரு பிளாஸ்டிக் ட்யூப் விட்டு அது மேல சுத்தினா கையையும் அறுக்காது. தாம்பூலக் கூடைக்கு ட்யூப் வேணாம், முறுக்குக் கைப்பிடியே போதும், அது ரொம்ப லட்சணமா இருக்கும்.

கலர் பத்தி எனக்கு தெளிவான அபிப்பிராயம் இருக்கு. வீடியோல இப்ப எல்லாம் பேஸ்டல் ரோஸ், வெளிர் ஊதான்னு போடுறாங்க, கேமராவுக்கு நல்லாருக்கு, வீட்டுல ஒரு மாசத்துல அழுக்கு தெரிய ஆரம்பிக்கும். நான் பட்டுப் புடவையைப் பார்த்துத்தான் கலர் சேர்ப்பேன். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர். கிளிப்பச்சைக்கு ரோஸ். மயில் நீலத்துக்கு மஞ்சள். காஞ்சிபுரத்துல நெசவு பண்றவங்க தலைமுறை தலைமுறையா கண்ணுக்குப் பழக்கி வெச்ச சேர்க்கை இதெல்லாம், கொலுப் படி பக்கத்துல வெச்சா எந்தக் கூடையும் சோடை போகாது. கறுப்பு ஒயர் மட்டும் விசேஷத்துக்குக் குடுக்குற கூடைல சேர்க்காதீங்க, பெரியவங்க மனசு சங்கடப்படும், சந்தைக் கூடைக்கு ஓரத்துல போட்டா கறுப்பு எடுப்பா இருக்கும்.

கிஃப்டா குடுத்த அனுபவம் சொல்றேன். ஒரு குட்டிக் கூடைக்கு ஒரு ரோல் போதும், கைப்பிடிக்கு மட்டும் வேற கலர்ல கொஞ்சம். உள்ள வெத்தலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு சின்ன கண்ணாடி, சீப்பு, வளையல், ரவிக்கைத் துணி, தேங்காய், மேல சுண்டல் பொட்டலம், எல்லாம் அடங்குச்சு. முன்னாடி எல்லாம் கவர்ல போட்டுத்தான் குடுப்போம். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தூக்கிப் போடுற பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை, கேரி பேக் எவ்ளோ தடிமனா இருந்தாலும் கூடாது, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமே ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நிறைய வீட்ல தாம்பூலத்துக்கு துணிப் பைக்கு மாறினாங்க, நல்ல விஷயம். ஆனா எல்லாரும் குடுத்துக் குடுத்து இப்ப ஒவ்வொரு வீட்லயும் பீரோ நிறைய மஞ்சப்பை இருக்கு. கூடை குடுத்தா நின்னு பார்க்குறாங்க, நீங்களா பின்னினீங்கன்னு கேக்குறாங்க, எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு கேட்டு மறுநாள் ஒயரோட வந்து நிக்குறாங்க. எங்க தெருவுல ஒரு மாமி எழுவது வயசுக்கு மேல, இளம் வயசுல பின்னினது, மறந்தே போச்சும்மான்னு சொல்லிக்கிட்டே உக்காந்தாங்க, ரெண்டு முடிச்சு போட்டதும் கை தானா ஓடுது, என்னை விட வேகம். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல.

ஒயரும் பிளாஸ்டிக்தானேன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். நான் அதை மறைக்க மாட்டேன், இது மக்கிப் போற பொருள் கிடையாது. அதனாலதான் மட்டமான ஒயர்ல பின்னி அஞ்சே மாசத்துல குப்பைல போடாதீங்கன்னு இவ்ளோ தூரம் சொல்றேன். நல்ல ஒயர்ல பின்னின சந்தைக் கூடை வருஷக்கணக்கா உழைக்கும், எங்கம்மா வீட்ல இருக்குற பச்சைக் கூடைக்கு கைப்பிடி மட்டும்தான் மாத்தியிருக்கு. பிளாஸ்டிக்கே வேணாம்னு உறுதியா இருக்குறவங்க பனை ஓலைக்குப் போங்க, செட்டிநாட்டுக் கொட்டான் இருக்கு, மணப்பாட்டுல பின்னுற பனை ஓலைப் பெட்டிங்க இருக்கு, அழகுல ஒயர் அதுங்க கிட்டயே நிக்க முடியாது. ஆனா ஓலையைப் பதமாக் கிழிச்சு, சாயம் ஏத்தி, ஈரப் பதத்துல பின்னணும், அது வீட்ல உக்காந்து சட்டுனு கத்துக்குற வேலை இல்ல, மழைக் காலத்துல பூசணம் புடிக்காமப் பார்த்துக்கவும் வேணும். ஈரக் கீரையும் மீனும் போட்டு எடுத்து வந்து குழாய்ல காட்டிக் கழுவுறதுக்கு ஒயர்தான்.

வீட்டு அலங்காரத்துக்கு எதெது நல்லா வந்துச்சுன்னா, பூந்தொட்டிக்கு வெளிக்கூடை முதல்ல சொல்வேன். சாதா பிளாஸ்டிக் தொட்டில இருக்குற மணி பிளான்ட்டை அப்படியே தூக்கி கூடைக்குள்ள வெச்சா ஹாலே மாறிப் போச்சு, தண்ணி ஊத்தினாலும் கூடைக்கு ஒண்ணும் ஆகாது, அடில மட்டும் ஒரு தட்டு வைங்க. பால்கனி வெயில்ல மட்டும் நிரந்தரமா வைக்காதீங்க, வெயில் பட்டுப் பட்டு எந்த ஒயரும் கலர் வெளுத்து மொறுமொறுன்னு ஆகி உடையும். பூஜை ரூம்ல பூக்கூடை, சாப்பாட்டு மேஜைல பழக்கூடை ரெண்டும் நல்லா இருக்கு. பேனா ஸ்டாண்டு, ரிமோட் ஸ்டாண்டு எல்லாம் செஞ்சேன், சுமாருக்கு மேல சொல்ல மாட்டேன், அகலம் கம்மியா இருக்குறதால மூலை திருப்புறது கஷ்டம், அதுக்கு ஆகுற நேரத்துல ஒரு நல்ல கூடையே பின்னிடலாம். கழுவுறதுக்கு பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத் பிரஷும் போதும், முடிச்சு இடுக்குல தேச்சு விட்டு நிழல்ல கவுத்து வெச்சா புதுசு மாதிரி ஆயிடும்.

பின்ன நேரம் இல்லாதவங்க பின்னினதை வாங்கலாம். நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் ரோட்டுல இருக்குற அன்னை தெரசா மகளிர் வளாகத்துல சுய உதவிக் குழுக்காரங்க பொருள் கண்காட்சி போடும்போது பார்த்துட்டு வாங்க, கூடை, மாலை, கொலு பொம்மைன்னு கைவேலைப் பொருளா இருக்கும். எங்க ஏரியால பின்னித் தர்றவங்க கூலியை ரோல் கணக்குலதான் சொல்றாங்க, ரெண்டு ரோல் கூடைன்னா ரெண்டு ரோலுக்கு உண்டான கூலி. கேட்டா கம்மியாத்தான் இருக்கும், ஒரு கூடை பின்ன எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நீங்களே ஒரு தடவை பின்னிப் பார்த்தா அந்தக் கூலில பேரம் பேச வாயே வராது. தயவு செஞ்சு பேசாதீங்க. ஒயரை நீங்க நல்லதா வாங்கிக் குடுத்துடுங்க, கலரும் உங்க இஷ்டம், தரமும் உங்க கைல, அவங்களுக்கும் முதலீடு மிச்சம்.

மொத்தத்துல கடை ஒயருக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை மார்க் குறைச்சது அந்த அரக்கு ஷேடு ரெண்டு ரோலுக்கும் அச்சு அசலா ஒத்துப் போற மாதிரி தேட நேரம் ஆனதுக்கு. ஆன்லைன் காம்போ பேக்குக்கு ஒண்ணரை, அதுவும் கலருக்காக மட்டும். அந்த ரோலை எல்லாம் சின்னச் சின்னத் துண்டா வெட்டி பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு முடிச்சு போடப் பழக்கிக் குடுத்தேன், இப்ப அதுங்க கீசெயின் சைஸ்ல குட்டிக் கூடையாப் பின்னி ஸ்கூல் பேக்ல மாட்டிக்கிட்டுத் திரியுதுங்க.

இந்த வருஷம் கொலுவுக்குப் பின்னணும்னு நினைக்கிறவங்க ஆடி மாசமே ரோல் எடுத்துடுங்க. புரட்டாசி பொறந்துட்டா மஞ்சளும் அரக்கும் முதல்ல காலியாகும், மிச்சம் இருக்குற கலர்லதான் பின்ன வேண்டி வரும், அதோட பத்து இருபது கூடை பின்ன நேரமும் பத்தாது. ரோல் எடுக்கப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டுப் போங்க, சாயம் போகுதான்னு அங்கேயே துடைச்சுப் பார்த்துடலாம்.